கம்பெனி வண்டியும் நீலக் கோட்டும்

ஜூன் மாதம் பள்ளி திறந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். வெயில் இன்னும் இறங்கியிருக்காது, பாதி வகுப்பில் ஃபேன் ஓடாது, பாடப் புத்தகம் அரைகுறையாகத்தான் வந்திருக்கும். அதெல்லாம் பழகிப்போனது. "டீச்சர், இந்த வருஷமும் வழிகாட்டல் நீங்களே பாத்துக்கோங்க" என்று எங்கள் தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொல்வார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் வரலாறு எடுக்கிறேன். வரலாறு என்றால் வேலையே இல்லை என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமின் முடிவு. கணக்கு டீச்சருக்கு போர்ஷன், வேதியியல் டீச்சருக்கு லேப், எனக்கு மட்டும் கை காலி. ஆகவே பருவம் தொடங்கும்போது மேல்வகுப்புப் பெண்களை உட்கார வைத்து எப்படிப் படிப்பது, என்ன படித்தால் என்ன ஆகலாம், பரீட்சை பயத்தை என்ன செய்வது என்றெல்லாம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இதற்காக ஒருமுறை வேலூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஆசிரியர் என்பவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் என்றார்கள். மத்தியானம் சாம்பார் சாதம். அதோடு நானும் வழிகாட்டி ஆகிவிட்டேன்.

போன ஜூனில் என் பேச்சு மட்டும் போதாது என்று நினைத்தார்களோ என்னவோ, வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற இளைஞர். உளவியல் படித்தவர். ஹைவேயில் அத்தனை தூரம் பைக் ஓட்டிக்கொண்டு, ஒரு ப்ரொஜெக்டரையும் சுமந்துகொண்டு வந்தார். நல்ல மனிதர்தான், அதை மறுக்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

முதல் நாள் ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை. எங்கள் பிளக் பாயின்டில் அவருடைய பின் நுழையவில்லை. வாயாலேயே பேசினார். பிளஸ் டூ பெண்கள் எல்லாரும் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் படிப்பதற்குத் தனியாக ஒரு மேஜை வேண்டும் என்றார். எட்டு மணி நேரம் தூங்க வேண்டும், காலையில் எழுந்ததும் தியானம் செய்ய வேண்டும், பிறகு டைம் டேபிள் போட்டுப் படிக்க வேண்டும் என்றார். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேள்வி இருந்தா கேளுங்கம்மா" என்றார்.

ஒரு பெண் எழுந்தாள். கணக்கில் எப்போதும் முதலில் வருகிற பெண். ஆலங்காயத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கிராமம் அவள் ஊர். அங்கே பத்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் காலி என்பதால் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தவள். அவள் அம்மா வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார்.

"சார், நாலரைக்கு எழுந்தாதான் சார் எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு வர முடியும். நைட்டு வீட்டுக்குப் போறதே லேட்டாய்டுது. எட்டு மணி நேரம் தூங்கினா டைம் டேபிள்ல இன்னா சார் போடறது?"

ஹாலே சிரித்தது. ஆலோசகரும் சிரித்தார். "அருமையான கேள்வி, எல்லாரும் கை தட்டுங்க" என்றார். கை தட்டினோம். பதில் மட்டும் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அவள் எப்படி வருகிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்கள் ஊருக்குக் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். அது ஊரெல்லாம் சுற்றி வந்து சேரும்போது பள்ளியில் முதல் மணி அடித்து, கேட்டும் பூட்டியிருக்கும். ஆனால் கம்பெனி வண்டி இருக்கிறது. இந்தப் பக்கத்து ஷூ கம்பெனிகள் எல்லாமே விடியற்காலையில் வண்டி அனுப்பி, கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றி வரும். கம்பெனியில் வேலை செய்பவர்கள் மட்டும்தான் அந்த வண்டியில் ஏறலாம் என்பது சட்டம். ஆஸ்பத்திரிக்குப் போகிற மாமியார், பரீட்சை எழுதப் போகிற மகள், சந்தைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் ஏறிக்கொள்வார்கள் என்பது வழக்கம். டிரைவர் கேட்க மாட்டார். இரண்டு சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்துகொள்வார்கள்.

ஒரே ஒரு சங்கடம்தான். கம்பெனி வாசலில் கேமரா இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் கலர் வித்தியாசமாக யாராவது தெரிந்தால் செக்யூரிட்டி கூப்பிட்டுக் கேட்பார். அதனால் அம்மாக்கள் தங்களிடம் இருக்கும் இன்னொரு கோட்டை, கம்பெனி கொடுத்த அந்த நீலக் கோட்டை, ஏறும்போதே மகளுக்குப் போட்டுவிடுவார்கள். இவளும் அப்படித்தான். அம்மாவின் கோட்டில் தோள் இறங்கி நிற்கும். கூட்டத்தோடு கூட்டமாகக் கேட் வரைக்கும் நடந்து, அங்கிருந்து நைசாக விலகி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்க் கோட்டைக் கழற்றி, கூடவே வந்து நிற்கிற அம்மாவின் பையில் திணிப்பாள். உள்ளே எங்கள் பள்ளிச் சீருடை. அதிலிருந்து தன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் எட்டு மணி கணக்கு வகுப்புக்குச் சரியாக வந்துவிடுவாள்.

நான் ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து அந்த கம்பெனிக்கு எதிரேதான் இறங்குவேன். அங்கே ஒரு டீக்கடை. அவள் கோட்டைக் கழற்றுவதை நான் பார்ப்பேன், டீக்கடைக்காரர் பார்ப்பார், எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவரும் பார்ப்பார். யாரும் பேச மாட்டோம். என்னைப் பார்த்தால் "குட் மார்னிங் டீச்சர்" என்று ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவாள்.

இரண்டாம் நாள் ஆலோசகர் சீக்கிரமே வந்துவிட்டார். ப்ரொஜெக்டரை எப்படியும் ஓட வைத்துவிட வேண்டும் என்று சத்துவாச்சாரியிலிருந்து விடியும்போதே கிளம்பியிருக்கிறார். வந்தவர் நேராகப் பள்ளிக்கு வந்திருக்கலாம். அந்த டீக்கடையில் நிறுத்தினார். வண்டி வந்தது. நேற்றுக் கைதட்டல் வாங்கிய பெண் நீலக் கோட்டில் இறங்குவதையும், கூட்டத்தோடு கம்பெனி கேட்டை நோக்கி நடப்பதையும் பார்த்தார். பாதி பார்த்தார். மீதியைப் பார்க்க இன்னும் அரை டம்ளர் டீ நேரம் நின்றிருந்தால் போதும். அதற்குள் மனிதருக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

கம்பெனி வாசலில் ஒரு போர்டு உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் இங்கே வேலை செய்யவில்லை, அப்படிப் பார்த்தால் இந்த எண்ணுக்குப் புகார் செய்யுங்கள் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் உருதுவிலும் எழுதியிருக்கும். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் ஆடிட்டுக்கு வரும்போது காட்டுவதற்காக வைத்த போர்டு. எனக்குத் தெரிந்து அந்த எண்ணுக்கு ஒரு ஆள்கூட போன் செய்ததில்லை. இவர் செய்தார். பேரும் ஊரும் வகுப்பும் சொல்லிப் புகார் கொடுத்துவிட்டு, பள்ளிக்கு வந்து ப்ரொஜெக்டரையும் ஓட வைத்துவிட்டார். அன்றைக்குப் படம் நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெண் எட்டு மணி வகுப்பில் இருந்ததோ, ஹாலில் அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்ததோ எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. வேலைக்கு நடுவில் வந்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தாராம்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் அம்மா கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மற்ற பெண்களெல்லாம் உள்ளே போய்விட்டார்கள்.

"இன்னா டீச்சர் இப்டி ஆயிடுச்சி" என்றார். "யாரோ போன் பண்ணாங்களாம். சின்னப் பொண்ண வேலைக்கு இட்டுனு வர்றேன்னு. உள்ள வுட மாட்டேங்கறாங்க. டிரைவர் அண்ணனையும் பேரணாம்பட்டு ரூட்டுக்கு மாத்திட்டாங்க. அவர் இன்னா டீச்சர் பண்ணாரு?"

யாராக இருக்கும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அங்கேயே நின்று போன் போட்டேன்.

"ஆமா மேடம், நான்தான்" என்றார் ஆலோசகர். குரலில் அப்படி ஒரு பெருமிதம். "ஒரு குழந்தையை மீட்டிருக்கோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"மாணவியோட ரகசியத்தைக் காப்பாத்தணும் மேடம். அது எங்க தொழில் தர்மம்."

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. ஊருக்கே தெரிந்த ஒரு விஷயத்தை இவர் ஒருவர் மட்டும் ரகசியம் என்று நினைத்து, அதைக் காப்பாற்றுவதற்காகக் கம்பெனிக்கு போன் செய்து சொல்லியிருக்கிறார். நீங்கள் உடனே கிளம்பி வாருங்கள், வராவிட்டால் நான் சத்துவாச்சாரிக்கு வருவேன் என்றேன். வந்தார். அதற்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும்.

இரண்டு பேரும் கம்பெனிக்குள் போனோம். அங்கே ஹெச்.ஆர். அதிகாரி ஒரு நடுத்தர வயதுக்காரர், ஊர்க்காரர்தான். எங்களுக்கு டீ வரவழைத்தார். நான் கோட்டைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் டவுன் பஸ்ஸைப் பற்றியும், வீட்டில் இருக்கிற தங்கையைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், இது எனக்குத் தெரியாதா? என் அக்கா பொண்ணும் உங்க ஸ்கூல்தான். காலைல எத்தனை பேர் எங்க வண்டில சும்மா வர்றாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். கம்ப்ளெய்ன்ட் வராத வரைக்கும் எனக்குக் கண்ணு தெரியாது. வந்துட்டா கண்ணு தெரிஞ்சே ஆகணும். அடுத்த மாசம் ஆடிட் வேற. ஒரே பேஜார்."

"சரி, அவ வேலை செய்யலன்னு இப்போ தெரிஞ்சுடுச்சு இல்ல?"

"தெரிஞ்சுடுச்சு. அம்மாவ நாளைக்கே உள்ள வரச் சொல்றேன். அதுல ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா பொண்ணு இனிமே வண்டில ஏறக் கூடாது. அவ பேரு மேல வரைக்கும் போய்டுச்சி மேடம். செக்யூரிட்டிகிட்ட போட்டோவே குடுத்துட்டாங்க."

நான் ஆலோசகரைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு எங்கள் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். ஆறுதலாக ஒன்று சொன்னார். "பதினெட்டு ஆவட்டும் மேடம். அப்புறம் தாராளமா வண்டில வரட்டும். வேலைக்கே எடுத்துக்கறேன்."

வெளியே வந்ததும் ஆலோசகர் மெதுவாக, "நான் தப்பா ஒண்ணும் பண்ணலையே மேடம்? நிஜமாவே ஒரு குழந்தை வேலை செஞ்சிருந்தா?" என்றார்.  எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அவர் சொல்வது நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு எட்டு மணி வகுப்புக்கு வர முடியாது, அவ்வளவுதான். அவருக்கு அன்றைக்கு வேறொரு பள்ளியில் நிகழ்ச்சி இருந்தது. பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எட்டு மணி வகுப்பு எதற்காக அவ்வளவு முக்கியம் என்றால், அவளுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. மற்றப் பெண்கள் மாலையில் டியூஷன் போவார்கள். இவளுக்கு அதற்குக் காசில்லை. அரசாங்க இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் படிப்பு, காசு கட்டிப் படிக்க வைக்க அந்த வீட்டில் ஆளில்லை. அப்பா இல்லை, அம்மா சம்பளம், கீழே ஒரு தங்கை. கணக்கில் கட் ஆஃப் நன்றாக வந்தால் போதும் என்று கணக்கு டீச்சரே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மார்க்கை எடுக்கக்கூடிய பெண்தான் அவள், எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

நான் தலைமையாசிரியையிடம் போனேன். ஸ்பெஷல் கிளாஸைச் சாயங்காலம் வைக்கலாமா என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணுக்காக மொத்த கிளாஸையும் மாத்தச் சொல்றீங்களா டீச்சர்? அவர் நல்லதுக்குத்தானே பண்ணார். நீங்க ஏன் இவ்வளவு டென்ஷன் ஆறீங்க?"

ஹாஸ்டலில் கேட்டேன். இடமில்லை, அப்படியே இருந்தாலும் பிளஸ் ஒன்னில் சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இருக்கிறதே, மெயின் ரோடு வரைக்கும் அதில் வந்து பஸ் பிடிக்கலாமே என்றேன். "இருட்டுல கரடி எறங்குது டீச்சர்" என்றார் அம்மா. மலையடிவாரத்தில் இருப்பவரிடம் நான் என்ன வாதம் செய்வது? வாணியம்பாடியில் இருக்கிற சித்தி வீட்டில் கொஞ்ச நாள் தங்க வைத்துப் பார்த்தார்கள். சித்தி புருஷன் குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறார் என்று அம்மாவே திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தால் பஸ் நேரத்தை மாற்றுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு அவள் டவுன் பஸ்ஸில்தான் வந்தாள். வந்து சேரும்போது கேட் பூட்டியிருக்கும். லேட்டாக வருகிறவர்கள் முதல் பீரியட் முடியும் வரைக்கும் வெளியே நிற்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி விதி. ஒழுக்கம் வளர வேண்டுமாம். முதல் பீரியடும் பல நாள் கணக்குதான். பூட்டிய கேட்டுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், சினிமா பார்த்துவிட்டுத் தூங்கி எழுந்து வந்த பெண்களோடு இவளும் நிற்பாள். இவளை மட்டுமாவது உள்ளே விடுங்கள் என்று வாட்ச்மேனிடம் நான் சண்டை போட்ட நாட்களும் உண்டு. ஒரு வாரம் விடுவார். பிறகு தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டுத் திட்டுவார். திரும்பவும் கேட் பூட்டும்.

ஒரு நாள் கேட்டுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக நின்றுகொண்டிருந்தோம்.

"டீச்சர், அந்த சார் நம்பர் இருக்கா?"

"எதுக்கு?"

"டைம் டேபிள்ல இன்னா போடறதுன்னு நாளைக்கு சொல்றேன்னாரு. இன்னும் சொல்லவே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஒரு நாளாவது அந்த மனிதரைத் திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். திட்டுகிற வேலையையும் எனக்கே விட்டுவிட்டாள்.

காலாண்டில் கணக்கு மார்க் இறங்கியது. அரையாண்டில் இன்னும் கம்மி. கணக்கு டீச்சர் மத்தியானத்தில் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டுக் கொஞ்ச நாள் சொல்லிக் கொடுத்தார், அவருக்கும் வேறு வகுப்புகள் இருந்தன. பொதுத் தேர்வில் அவள் பாஸ் ஆனாள். நல்ல மார்க் என்றுகூட சொல்லலாம். கட் ஆஃபுக்கு அந்த மார்க் போதவில்லை. ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வந்து ஃபீஸ் சொன்னார்களாம். அம்மா அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

இந்த ஜூன் திரும்பவும் பள்ளி திறந்தது. "டீச்சர், இந்த வருஷமும் நீங்களே" என்றார் தலைமையாசிரியை. அதே ஆலோசகரைத்தான் இந்த வருஷமும் அழைத்திருந்தார்கள். இந்தத் தடவை பிளக்குக்கு ஒரு அடாப்டரும் வாங்கி வைத்திருந்தார்கள்.

அவர் வருகிற அன்று காலை நான் வழக்கம்போல கம்பெனிக்கு எதிரே இறங்கினேன். வண்டி வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். நடுவில் அவள். நீலக் கோட்டு இப்போது தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. அவளுக்கென்று அளவு பார்த்துக் கொடுத்த கோட்டு, நெஞ்சில் அடையாள அட்டை. போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. ஹெச்.ஆர். அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு நீலக் கோட்டு. கை நீளமாகி இரண்டு மடிப்பு மடித்திருந்தது. இரண்டு பேரும் கூட்டத்தோடு கேட் வரைக்கும் நடந்தார்கள். சின்னது மட்டும் விலகி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனது. பெரியவள் பின்னாலேயே போய்க் கோட்டைக் கழற்றி வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். உள்ளே எங்கள் சீருடை, புத்தம் புதுசு. பத்தாவது முடித்துவிட்டு எங்களிடம் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிற தங்கை. அக்கா அவள் தலையை ஒரு தடவை தடவி, ஜடையை முன்னால் எடுத்துப் போட்டு, போ போ என்று தள்ளினாள். பிறகு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் பயந்ததுபோல் இருந்தது. நான் டீக்கடைக்காரரிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆலோசகர் நல்லவேளையாக நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். ஹாலில் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ஒரு வருடமாகக் கேட்க நினைத்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு இப்போ என்ன பண்றா மேடம்? காலேஜா?"

"இல்ல சார். கம்பெனிலதான் இருக்கா. இப்போ வண்டில அவளுக்கு சீட்டு இருக்கு, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் கையில் இருந்த ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காகத்தான் இருக்க வேண்டும், "தங்கச்சி ஒருத்தி இருக்கான்னு சொன்னீங்களே, அவளாவது படிக்கறாளா?" என்று கேட்டார்.

"இங்கதான் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கா."

"அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி மேடம் வர்றா?"

"டவுன் பஸ்ல சார்" என்றேன்.